பதினொரு பாதைப் படங்கள்

நாவலப்பிட்டிக்கு மேலே, தேயிலைச் சரிவில் இருந்த ஒரு தமிழ்ப் பாடசாலைக்குக் கணினி அறை அமைத்துத் தர வெளிநாட்டுத் தம்பதியர் இருவர் வந்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் அவர்களுக்கு மொழிபெயர்க்க நான் போனேன். அப்போது பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு. விரிவுரையாளர் ஒருவர் கேட்டார். மறுக்கத் துணிவில்லாததால் ஒப்புக்கொண்டேன்.

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் வீட்டில் இருப்போர் எல்லாரையும் பொலிசில் பதிந்து, அந்தப் படிவத்தைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருந்தோம். நான் இந்த வேலையைச் சொன்னதும் சித்தி அரிசி களைவதை நிறுத்தினார்.

"ஆபிரிக்காவில பள்ளிக்கூடங்களுக்குக் கொம்பியூட்டர் பூட்டினவையெண்டா அங்கையே பூட்டட்டும். சண்டை நடக்கிற நாட்டுக்கு ஏன் வருவினம்?"

"உதவி செய்யத்தான் சித்தி."

"ஓம், உதவி. வெள்ளையள் சும்மா ஒண்டும் தராதுகள் பிள்ளை. தந்த பிறகு ஆர் வந்து என்ன கேப்பினம் எண்டதையும் யோசி."

நான் யோசித்தேன். யோசிப்பது எனக்கு எளிது, கேட்பதுதான் கடினம்.

அந்தத் தம்பதியரில் கணவர் உயரமானவர், ஓயாமல் பேசுபவர். மலாவியில் ஒரு பாடசாலையில் கறையான் கம்பிகளின் உறையைத் தின்றதையும், இன்னொன்றில் தலைமையாசிரியர் திருட்டுக்குப் பயந்து ஓராண்டுக் காலம் பெட்டிகளைத் திறக்கவே விடாததையும் சொல்லிச் சிரிப்பார். மனைவி பேசமாட்டார், மேசைகளுக்கு அடியில் தவழ்ந்து கம்பிகளைப் பொருத்திக்கொண்டிருப்பார். வந்தவை எட்டுப் பழைய கணினிகளும் ஓர் அச்சுப்பொறியும். இருவரும் மாலையில் ஒரு சிறிய குறிப்பேட்டில் எதையோ எழுதினார்கள். ஒரு நாள் அவர்கள் வெளியே போயிருந்தபோது அதைப் புரட்டிப் பார்த்தேன். கம்பிகளின் நீளமும், மின்சாரம் நின்றுபோன நேரங்களும் இருந்தன. அது எனக்கு ஆறுதலைத் தரவில்லை. உண்மையான குறிப்பேடு வேறெங்கோ இருக்கிறது என்று முடிவு செய்தேன்.

பாடசாலையின் அதிபர் மலையகத் தமிழர். எல்லாரையும் சிரித்தே வரவேற்பார். கணினி அறையின் சாவியை மட்டும் இடுப்பிலிருந்து கழற்ற மாட்டார். முதல் நாளே என்னிடம் கேட்டார்.

"மிஸ்ஸுக்கு ஊரு யாழ்ப்பாணமா?"

"ஓம்."

"ரொம்ப சந்தோசம். ஐடென்டிட்டி கார்டக் கொஞ்சம் குடுங்க, கொப்பி எடுத்துட்டுத் தாரேன். கோவிச்சுக்கக் கூடாது. நீங்க வந்துட்டுப் போயிருவீங்க. நாங்க இங்கனயேதான் கெடக்கணும்."

கோபம் வந்தது, அடையாள அட்டையைக் கொடுத்தேன். அதன் பிறகு நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மிகுந்த மரியாதையுடன் கண்காணித்துக்கொண்டோம்.

ஐந்தாவது சனிக்கிழமை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேருக்குப் படம் வரையும் பயிற்சி. வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் வழியைத் திரையில் வரைய வேண்டும். மலாவிப் பிள்ளைகள் வரைந்தவற்றைக் கணவர் காட்டினார்: மாமரம், ஆறு, ஆற்றுக்குள் இரண்டு முதலைகள். "கடந்து வரும் எதையும் விட்டுவிடாதீர்கள், எண்ணக்கூடியதை எண்ணி வரையுங்கள். உங்கள் படங்களை அவர்களுக்கு அனுப்புவேன்" என்றார்.

சொல்லுக்குச் சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். எதையும் கூட்டாமல் குறைக்காமல் பெயர்ப்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

பிள்ளைகளும் பிசகவில்லை. அச்சுப்பொறியிலிருந்து தாள்கள் ஒவ்வொன்றாக வந்தன. தேயிலை மலை, கோயில், பேக்கரி, இவற்றோடு சோதனைச் சாவடியும் இருந்தது. ஒரு மாணவி ரயில் பாலத்தை வரைந்திருந்தாள். ரயில் பாதையில் வேலை செய்பவரின் மகள் அவள். பாலத்தின் தூண்கள், இரு முனைகளிலும் மணல் மூட்டை அடுக்கிய காவல் அரண்கள், அவற்றில் நின்ற இராணுவத்தினர், எல்லாவற்றையும் எண்ணி வரைந்திருந்தாள். மூலையில் அவள் பெயர், வகுப்பு, தகப்பனின் பெயர்.

"மிஸ், நாலு பேரு நிப்பாங்க. ஒருத்தரு எந்த நேரமும் ஒக்காந்துக்கிட்டே இருப்பாரு, அவரையும் போட்டிருக்கேன்" என்றாள்.

"வடிவாயிருக்கு" என்றேன்.

அந்தத் தாள் தவறான கைக்குப் போனால் அவளுடைய தகப்பனைத்தான் முதலில் அழைப்பார்கள். ரயில் பாதையில் வேலை செய்யும் தமிழன் வீட்டில் பாலத்தின் கணக்கு எதற்கு என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்களில் திரும்பி வராத சிலரை எனக்குத் தெரியும்.

கணவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் எண்ணி வரையச் சொன்னவரே அவர்தானே; வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறவரும் அவர்தான். அதிபரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் தன் பாடசாலையைக் காப்பாற்ற அவர் நேரே பொலிசுக்குப் போய், என் அடையாள அட்டையின் பிரதியோடு படங்களையும் கொடுத்துவிடுவார் என்று எண்ணினேன். படங்களைக் கணினியில் சேமிக்கப் பிள்ளைகள் இன்னும் பழகியிருக்கவில்லை, தாள்களைத் தவிர வேறு பிரதி இல்லை. தேநீர் இடைவேளையில் பதினொரு தாள்களையும் கணவரின் கோப்பிலிருந்து உருவி, என்னிடமிருந்த கவிதைத் திரட்டுக்குள் செருகி என் பையில் வைத்துக்கொண்டேன்.

அங்கேயே கிழித்தெறிந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சித்தி வீட்டில் காகிதத்தைக் கிழிப்பதில்லை. கிழித்ததை எடுத்து ஒட்டலாம் என்பார் சித்தப்பா. ஊர்க் கடிதங்கள், பழைய படங்கள், என் பள்ளிக்காலப் புவியியல் கொப்பி என்று எதுவானாலும் அடுப்பில் எரித்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவதே எங்கள் வழக்கம். காகிதம் ஒழிய வேண்டுமென்றால் அது வீட்டு அடுப்புக்குப் போக வேண்டும். வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

கண்டிக்குத் திரும்பும் பேருந்தை, பிள்ளைகள் வரைந்த அதே சாவடியில் நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். பெண் பொலிஸ் ஒருவர் என் பையைத் திறந்தார். குடை, சாப்பாட்டுப் பெட்டி, கவிதைத் திரட்டு, அதற்குள் தாள்கள். மூன்றாவது தாளில் அவருடைய கை நின்றது. உள்ளே இருந்த அதிகாரியைக் கூப்பிட்டார். பேருந்து என்னை விட்டுவிட்டுப் போனது.

"நங்கி, இதை வரைந்தது யார்?" அதிகாரி சிங்களத்தில் கேட்டார், தங்கை என்றுதான் அழைத்தார்.

"பாடசாலைப் பிள்ளைகள். வகுப்பு வேலை."

"வகுப்பு வேலையை ஏன் கவிதைப் புத்தகத்துக்குள் ஒளித்தாய்?"

எரிப்பதற்காக என்று சொன்னால் குற்றம். வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றால் அதைவிடப் பெரிய குற்றம். திருத்துவதற்கு என்றேன். என் சிங்களம் திக்கியது.

அதிகாரி பாடசாலைக்குத் தொலைபேசி எடுத்தார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அதிபர் என்னைக் கைவிடுவார் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. அவருடைய இடத்தில் நானும் அதையே செய்திருப்பேன்.

அதிபர் முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. நல்ல சிங்களத்தில், சிரித்துக்கொண்டே, இது தம் அனுமதியோடு நடந்த பாடம், திருத்தி வரும்படி தாமே கொடுத்தனுப்பினார், இந்தப் பிள்ளை எங்கள் பாடசாலையைச் சேர்ந்தவர் என்றார். மூன்றும் பொய். சாவடியில் படுத்திருக்கும் நாயைக்கூட ஒரு பிள்ளை வரைந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். அதிகாரி வெளியே எட்டி நாயைப் பார்த்தார், சிரிக்கவும் செய்தார். பத்துத் தாள்களைத் திருப்பித் தந்தார். பாலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அதிபர் கேட்டார்:

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மிஸ்? அலுமாரியில போட்டுப் பூட்டியிருப்பேன். எமன் வந்தாலும் தெறந்திருக்க மாட்டேன்."

"நீங்கள் பொலிசிட்டக் குடுத்துவிடுவியளெண்டு நினைச்சன்."

"நான் நீங்க எங்களக் காட்டிக் குடுத்துருவீங்கன்னு நெனச்சேன். அடுத்த பஸ் வருது, ஓடிப்போயிப் புடிங்க."

திங்கட்கிழமை மாணவியின் தகப்பனைப் பொலிஸ் அழைத்தது. மாலைவரை வைத்திருந்து அனுப்பினார்கள். அடித்தார்களா என்பதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை அவள் கணினி அறைக்கு வரவில்லை. படங்கள் எங்கே என்று கேட்ட கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். என்னிடம் கேட்டிருந்தால் நானே அழித்திருப்பேனே என்றார். நம்பினேனா என்று இன்றும் சொல்ல முடியவில்லை.

மதியத்துக்குப் பிறகு அவள் குடும்பம் இருந்த, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் தனியாகப் போனேன். தகப்பன் வாசலில் பலகையில் உட்கார்ந்திருந்தார். இடது கையை மடியில் தாங்கியிருந்தார். தாள்களை எடுத்தது நான், எரிக்கத்தான் எடுத்தேன், பொலிசின் கையில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நானே என்று, முன்கூட்டியே ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் சொன்னேன். உள்ளே மாணவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி ஊத்து" என்றார் மகளிடம். பிறகு, "புள்ள எண்ணுனது சரியாத்தான் இருந்திச்சாம். அந்தப் பொலிஸ் ஐயாவே சொன்னாரு" என்றார்.

"அவளைத் திரும்ப அனுப்புங்கோ. இனி அப்பிடியான பாடம் இராது."

"வெள்ளைக்காரர நம்பாமத்தானே மிஸ் எடுத்தீங்க?"

"ஓம்."

"எங்க அதிபர் சாரையும் நம்பல."

"இல்லை."

"அப்ப நான் யாரையும் நம்பி அனுப்பாம இருந்தா அது தப்பில்லைங்களே."

தப்பில்லை என்றேன். அவள் தேநீரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். குடித்து முடிக்கும்வரை நாங்கள் மழையைப் பற்றிப் பேசினோம். நான் எழுந்ததும் அவரும் வலது கையை ஊன்றி எழுந்து, கீழ்ப்பாதை சறுக்கும், ரோட்டு வழியாகவே போங்க என்றார்.