மாடு முகர்ந்து பார்த்த அண்டா

எங்கள் குப்பத்தில் வலை இல்லாத வீடு கிடையாது. மாடு இருந்த வீடு ஒன்றே ஒன்றுதான், அது எங்களுடையது. எல்லாம் அத்தையால் வந்தது. நைனாவின் தங்கையான அவள், புருஷன் வீட்டில் அடி தாங்காமல் எங்களிடம் வந்து, காதில் கிடந்த கம்மலை விற்று ஒரு கறவை மாட்டை வாங்கிக் கட்டினாள். பால் ஊற்றிப் பிழைத்துக்கொள்வாளாம், அண்ணனுக்குப் பாரமாக இருக்க மாட்டாளாம். பொங்கல் கழிந்ததும் அழைத்துப்போக வருவதாக மாமா வீட்டார் சொல்லியிருந்தார்கள். அதற்குள் மாடு ஒழுங்காகக் கறக்காவிட்டால் அத்தை கிளம்ப வேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு.

மாடோ எலும்பும் தோலுமாக நின்றது. ஏரிக்கரை உப்புப் புல்லைத் தின்றுவிட்டு எந்த மாடு கறக்கும்? சோயா பீன்ஸ் கொடுக்கச் சொன்னார் மாட்டு டாக்டர். பச்சையாகக் கூடாது, தோல் வெடிக்க வறுத்து, உடைத்து, தவிட்டோடு பிசைந்து வைக்க வேண்டும். அத்தை பொன்னேரியிலிருந்து ஒரு மூட்டையை பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். அத்தனையையும் வறுக்க எங்களிடம் இருந்த பெரிய பாத்திரம், இறால் அவிக்கும் இரும்பு அண்டா ஒன்றுதான்.

வறுபட்ட வாசனைக்குத் தெருவே கூடிவிட்டது. வேர்க்கடலை தோற்றது போங்கள். நான் பாவாடையில் அள்ளிக்கொண்டு போய்த் தின்றேன். யாருக்காக வறுத்தோமோ அந்த மாடு மட்டும் ஒரு முறை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இன்னாம்மா, உன் மாடு சைவமா?" என்று நைனா சிரித்தார்.

அப்போதுதான் அத்தைக்கு உறைத்தது. அண்டாவில் ஊறிக் கிடந்த கவிச்சி சோயாவில் ஏறியிருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. பிறந்த நாளிலிருந்து கவிச்சியிலேயே கிடந்த மூக்குகளுக்கு எப்படித் தெரியும்?

அத்தை சாம்பலும் புளியும் போட்டு அண்டாவைத் தேய்த்தாள். அம்மா முகர்ந்து பார்த்துப் போய்விட்டது என்றாள். அத்தை நம்பவில்லை. "நம்ம மூக்க நம்பி இன்னா பண்றது அண்ணி? அதையே கேப்போம்" என்று மாட்டின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். மாடு முகர்ந்து தும்மியது. மறுபடியும் தேய்ப்பு, மறுபடியும் தும்மல். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த நைனா எழுந்து வந்தார். எச்சில் தட்டைக்கூடக் கழுவி நான் பார்த்திராத மனிதர். உன் மாட்டுக்கு ரொம்பத்தான் ராங்கி என்று திட்டிக்கொண்டே, தேங்காய் நாரும் கிளிஞ்சல் சுண்ணாம்புமாகக் கை சிவக்கச் சிவக்கத் தேய்த்தார். கழுவிக் கொண்டுவந்து வைத்ததும் மாடு அண்டாவுக்குள் தலையை விட்டு நக்க ஆரம்பித்தது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது.

"இனிமே எறாவ எதுல அவிக்கிறதாம்?" என்றாள் அம்மா.

"எதுலயாவது அவி. இதுல வேணாம்."

அதில் புதிதாக வறுத்த சோயாவைத் தின்று பொங்கலுக்குள் மாடு பளபளப்பாகிவிட்டது. டீக்கடைக்காரர் தானே வந்து பால் வாங்கிப் போனார்.

மாமா வீட்டார் வந்தார்கள். நைனா அவர்களைப் பாயில் உட்காரவைத்து டீ கொடுத்தார். அத்தை கதவோரம் நின்றாள். டீயில பால் நல்லா இருக்கே என்று அவர்களில் பெரியவர் கேட்டதற்கு, "எங்க வூட்டு மாட்டுது. என் தங்கச்சிதான் பாத்துக்குது. அது இல்லாம மாடு நிக்காது" என்றார் நைனா.

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் உன் மாடு, உன் மாடு என்று சொன்னவர்தானே! "பொய் சொல்றியே நைனா, அது அத்தை மாடு" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

வந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு, அத்தையைக் கூப்பிடாமலே எழுந்தார்கள். கண்ணில் நீர் கட்டிய அத்தை சிரித்தபடி ஓடி வந்து, ஒரு பிடி வறுத்த சோயாவை என் வாயில் திணித்தாள். உண்மையைச் சொன்னதற்குப் பரிசு என்று நினைத்து, நைனாவை முறைத்துக்கொண்டே மென்றேன்.