சாம்பியனுக்கு எந்தக் கை?

பேனர் டிசைன் தொழிலில் கம்ப்யூட்டர் முன்னால் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்; அவள் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நின்றுகொண்டு டிசைன் பண்ணுவார்கள். அந்த ஒருத்தி நான்தான். அம்பத்தூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பதினோரு வருஷமாக மவுஸ் பிடிக்கிறேன். திருநின்றவூரிலிருந்து ரயிலில் நசுங்கி வந்து உட்கார்ந்தால், "இந்தத் தலையைப் பெருசு பண்ணுங்க, அந்தத் தலையைச் சின்னது பண்ணுங்க" என்று சாயங்காலம் வரைக்கும் தலை விவகாரம்தான். இந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் கழுத்தைத் தடவிக்கொண்டே படியுங்கள். மற்றவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

கட்சி, கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் ஒரு குத்துச்சண்டை வீரருக்காக என்னைப் பாடாய்ப் படுத்திய கூட்டம் மாதிரி இன்னொன்றைப் பார்த்ததில்லை. ஹெவிவெயிட்டில் அவரை மிஞ்ச ஆளில்லையாம். அவர் பேரைக் கூட அவர்கள் சொல்ல மாட்டார்கள். "சாம்பியன்" என்பார்கள். சொல்லும்போதே ஒருத்தன் செருப்பைக் கழற்றிவிடுவான்.

எந்தக் கட்சி?

டில்லிபாபு ஆவடி – பூந்தமல்லி ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன்தான் சாம்பியன் ரசிகர் நற்பணி மன்றத்தின் தலைவர். மன்றம் இருப்பது பாரிவாக்கத்தில், உறுப்பினர்கள் மொத்தம் ஏழு பேர். ஹெவிவெயிட் ரசிகர்கள் என்று பேர்தானே தவிர, ரெண்டு பேரைச் சேர்த்துக் கட்டினால்தான் ஒரு ஹெவிவெயிட் தேறும். சாம்பியன் பிறந்தநாளுக்கு பேனர் அடிக்க ஏழு பேரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். போட்டோவைப் பார்த்த எங்கள் முதலாளி, "எந்தக் கட்சி?" என்று கேட்டார். கட்சி இல்லை என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது.

எங்கள் கடைக்கு எந்த முகம் வந்தாலும் கை தானாகவே வேலை செய்யும். ரெண்டு சுற்று வெளுப்பு, கன்னத்துக்கு ஒரு வழவழப்பு, மூக்கு கோணலாக இருந்தால் நிமிர்த்தல். அதே பழக்கத்தில் சாம்பியனையும் வெளுத்து, நிமிர்த்தி, மணமகன் மாதிரி ஆக்கிவிட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஏழு பேரும் இழவு வீட்டில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள்.

டில்லிபாபு ஸ்க்ரீனில் மூக்கைத் தொட்டுக் காட்டிச் சொன்னான்: "அந்த மூக்கு ஒடஞ்சதுக்கப்பறமும் நாலு ரவுண்டு நின்னு ஜெயிச்ச மனுசன்கா. அத்தப் போயி ஒரே நிமிசத்துல நிமித்திட்டியே!"

குதிகால்

மூக்கை மறுபடி உடைத்துக் கொடுத்தேன். அதோடு விட்டார்களா? நான் வழக்கம்போல இடுப்புக்கு மேலே மட்டும் வெட்டி வைத்திருந்தேன். பேனரில் யார் காலைப் பார்க்கப் போகிறார்கள் என்று நாம் நினைப்போம், இல்லையா? மன்றத்துச் செயலாளர் கஜா, தண்ணீர் கேன் போடுகிறவன், அப்படியே என் மேஜை மேல் சாய்ந்துவிட்டான். சாம்பியனின் மொத்த வித்தையும் காலில்தான் இருக்கிறதாம். அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவர் மிதிப்பது தரைக்கே தெரியாதாம்.

"குத்து கையிலேர்ந்து வருதுன்னு நெனச்சிகினுகீற. தப்புக்கா. குதிகால்ல கெளம்புது. முட்டி, இடுப்பு, தோளு, அப்பாலதான் கை. கை கடைசி ஸ்டாப்பிங்கு" என்று பாடம் எடுத்தான். எடுத்ததோடு நிற்காமல் செய்தும் காட்டினான். பாவி, குதிகாலைத் திருப்பிய இடத்தில் டீ கொட்டியிருந்தது. சறுக்கிக்கொண்டு போய், அப்போதுதான் அச்சாகி ஈரத்தோடு விரித்திருந்த கண்ணீர் அஞ்சலி பேனர் மேல் உட்கார்ந்தான். இறந்தவரின் முகம் பாதி இவன் பேன்ட்டில். பேனரை நான் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

மிஷின் ஓட்டும் யூசுப் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குத்து குதிகால்லயே எறங்கிடுச்சும்மா, கை வரைக்கும் வரல."

மனை விற்பனைக்கு

அந்த வாரம் இவர்களால் எனக்கு மூளை குழம்பியிருந்தது. பாரிவாக்கத்தில் மனை விற்கும் ஒருவருக்கு பேனர் செய்தபோது, சாம்பியன் ஃபைலையே திறந்து வேலை செய்துவிட்டேன். எல்லாவற்றையும் அழித்தவள் ஒரு கையை மட்டும் விட்டுவிட்டேன். "வங்கிக் கடன் வசதி உண்டு" என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பு கிளவுஸ் போட்ட ஒரு முஷ்டி. மனைக்காரர் பேனரைக் கட்டி நாலு நாள் கழித்துப் படியேறி வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். முதலாளி என்னைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மனைக்காரர் எனக்கு முன்னால் ஸ்வீட் பாக்ஸ் வைத்தார்: "அந்தக் கையை மட்டும் எடுத்துடாதம்மா, பக்கத்து மனைக்காரன் ராவோட ராவா எல்லைக் கல்லை நகத்துறதை நிறுத்திட்டான்."

சோத்துக் கை

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டில்லிபாபுவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் பவானி, வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை. தினம் பூந்தமல்லி வரைக்கும் இவன் ஆட்டோவில்தான் போவாள். ஒருநாள் இவன் பக்கத்தில் இருந்தவரிடம் சாம்பியனின் ஏதோ ஒரு சண்டை ஏழாவது ரவுண்டில் முடிந்தது என்று அளந்திருக்கிறான். பின்சீட்டிலிருந்து, "எட்டாவது" என்று ஒரு குரல். அவ்வளவுதான், ஆள் காலி. சண்டையில் எதிராளி கூட அவ்வளவு சீக்கிரம் விழுந்திருக்க மாட்டான்.

பவானியின் அப்பா ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்காரர். திருச்சிப் பக்கத்து மனிதர், சட்டை கசங்காதவர். பாக்ஸிங் என்றாலே ரவுடித்தனம் என்று ரெண்டு வருஷம் இழுத்தடித்து, இப்போதுதான் அரை மனசாகத் தலையாட்டியிருந்தார். அந்தத் தலை எப்போது வேண்டுமானாலும் பக்கவாட்டில் ஆடலாம் என்று டில்லிபாபு நடுங்கிக்கொண்டிருந்தான். ரிசப்ஷன் பேனரைப் பார்க்க மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து வந்தார்கள். நடுவில் ஜோடி, பக்கத்தில் இடது கையை நீட்டியபடி சாம்பியன், கீழே "குத்துக்கு அரசே! குணத்தில் இமயமே! மணமக்களை வாழ்த்த வா!"

அந்த இடது கை இருக்கிறதே, அதுதான் மன்றத்துக்குச் சாமி. சாம்பியன் வலது கையைத் தாடைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டு, இடது கையாலேயே முகத்தில் தண்ணீர் தெளிக்கிற மாதிரி டப் டப்பென்று தட்டித் தட்டி எதிராளியைக் கிறங்கவைப்பாராம். இதை எனக்கே நாற்பது தடவை சொல்லியிருக்கிறார்கள். மாமனாருக்கு யார் சொல்வது? அவர் ஸ்க்ரீனைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "என்னங்க மாப்ளே, வாசல்ல நின்னு வர்றவங்களையெல்லாம் பீச்சாங்கையால குத்துறாரு? எங்க சொந்தக்காரங்க பாத்தா என்ன நினைப்பாங்க? இந்தப் பேனரு வாசல்ல நின்னா நான் உள்ள வரமாட்டேன்."

டில்லிபாபு அவசரமாகத் தலையாட்டினான். மாமனார் என் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "குத்துறதுன்னா சோத்துக் கையால குத்தச் சொல்லும்மா, கொஞ்சமாவது மங்களகரமா இருக்கும்."

ஒரே ஒரு கிளிக்

அரைமணி நேரத்தில் டில்லிபாபு தனியாகத் திரும்பி வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எக்கா, ஒரு தபா அத்தத் திருப்பிடு. பசங்களுக்குத் தெரியக் கூடாது. பவானிக்கும்தான்" என்றான். போட்டோவை இடம் வலமாகத் திருப்புவதற்கு ஒரே ஒரு கிளிக். நாங்கள் நாளுக்கு நூறு தடவை செய்கிற வேலை. மந்திரி பார்க்கும் திசை பிடிக்கவில்லையா, திருப்பு. ஆனால் சாம்பியனைத் திருப்பினால் இடது வலதாகிவிடும், முன்னால் நிற்கும் காலும் மாறிவிடும், அத்தனை வருஷத்து வித்தை கண்ணாடியில் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். எனக்கே அது தெரிந்திருந்தது என்றால் பாருங்கள், என்னை எப்படிக் கெடுத்து வைத்திருந்தார்கள்!

"டேய், உங்க பசங்க கண்டுபிடிச்சா என்னைத்தானேடா கொல்லுவானுங்க?" என்றேன். "நீ தெரியாம திருப்பிட்டேன்னு சொல்லிடுக்கா" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் மூஞ்சியைப் பார்த்தால் திட்டவும் வரவில்லை. திருப்பினேன். இடுப்புப் பட்டையில் இடம் வலமாய்ப் போன எழுத்தையும் அழித்தேன். அவன் ஸ்க்ரீனைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டது நிஜம்.

வாசலில் நின்று சொன்னான்: "சாம்பியன் பெரிய மனசுக்காரரு, மன்னிச்சிடுவாருக்கா. மாமனாருக்குத்தான் அது கெடையாது."

காரிலிருந்து இறங்காத மணப்பெண்

திருமுல்லைவாயலில் மண்டபம். மறுநாள் காலை தாலி, முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன். புதுப் புடவை கட்டிக்கொண்டு போய் வாசலில் கால் வைத்ததும் கஜா என்னைப் பிடித்துக்கொண்டான். சவுக்குக் கட்டையில் பேனர் ஏறியிருந்தது. கீழே மன்றத்து ஆறு பேரும் அண்ணாந்து நிற்கிறார்கள். "யாருக்கா இந்த ஆளு? நம்ம சாம்பியன் எங்க?" என்றான். ஒப்புக்கொண்டபடி, "தப்பு என்னோடதுதான், அவசரத்துல திருப்பிட்டேன்" என்றேன். பதினோரு வருஷத்தில் நான் செய்யாத தப்பு.

அந்த நேரம் பார்த்து மணப்பெண் கார் வந்து நின்றது. பவானி கண்ணாடியை இறக்கி மேலே பார்த்தாள். ஆரத்தித் தட்டோடு வந்த பெண்களைக் கையாலேயே நிறுத்தினாள். "சாம்பியன் எப்பலேர்ந்து நொட்டாங்கைய உள்ள வச்சிகினு நிக்கிறாரு? யார் பண்ண வேலை?" நான் கையைத் தூக்கப்போனேன். கோட்டு சூட்டோடு ஓடி வந்த டில்லிபாபு முந்திக்கொண்டான். "அக்கா மேல தப்பில்ல, பவானி. நான்தான் திருப்பச் சொன்னேன். உங்கப்பாவுக்கு இடது கை புடிக்கல. அவரு மாட்டேன்னுட்டா நீ கெடைக்காமப் பூடுவியேன்னு பயந்துட்டேன்."

மாமனார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பவானி அவரைப் பார்த்து, "அப்பா, உங்களுக்குத் தெரியாது, சொன்னீங்க. பரவால்ல" என்றாள். பிறகு இவனைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமில்ல? எங்கப்பா சொன்னாருன்னு சாம்பியன் கையையே மாத்திட்ட. நாளைக்கி உங்கம்மா சொன்னா என்னைய மாத்திடுவியா?" என்றாள். ஐயோ, அந்தக் கேள்விக்கு மேளக்காரர் கூட நிறுத்திவிட்டார். "அந்தக் கை திரும்புனாத்தான் நான் எறங்குவேன். இல்லன்னா வண்டி ஆவடிக்கே போவட்டும்." கண்ணாடி ஏறிவிட்டது.

டில்லிபாபு என்னைப் பார்த்தான். மறுபடி அச்சடித்துக் கொண்டுவர நேரமில்லை, யூசுப் பாய் கடையைப் பூட்டிவிட்டு இங்கே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். நான் பேனரையே பார்த்தேன். எங்கள் முதலாளி வாங்கிப் போடும் ஃப்ளெக்ஸ் எவ்வளவு மெலிசு என்று எனக்குத்தான் தெரியும். "பேனரைப் பின்பக்கமாத் திருப்பிக் கட்டுங்கடா! பின்னால ஒரு ஃபோகஸ் லைட்டு வைங்க!" என்று கத்தினேன். மன்றத்துப் பசங்க கட்டையில் கால் வைக்கப்போனார்கள். டில்லிபாபு அவர்களை விலக்கிவிட்டு, ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாடகைக் கோட்டு அக்குளில் கிழிய அவனே ஏறினான். கயிற்றை அவிழ்த்து, பேனரைத் திருப்பி, அவனே இழுத்துக் கட்டினான்.

லைட்டைப் போட்டதும் சாம்பியன் இடது கையை நீட்டினார். வலது கை தாடைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. பசங்க போட்ட விசிலில் எனக்குக் காது அடைத்துவிட்டது. கார்க் கதவு திறந்தது. பவானி இறங்கி, ஒரு நிமிஷம் பார்த்து, கட்டையிலிருந்து குதித்தவனின் கிழிந்த அக்குளைப் பார்த்துச் சிரித்தாள். மாமனாரும் உள்ளே வந்துவிட்டார். மகள் போன பிறகு அவர் எங்கே நிற்பார்? மறுநாள் காலை தாலி ஏறியது. சாம்பியன் சரியாகிவிட்டார், ஆனால் மணமகன் பேர், மணமகள் பேர், மாமனார் பேர், மன்றத்தின் வாழ்த்து எல்லாம் இடம் வலமாகப் போய்விட்டது. யாருக்கும் அது தெரியவில்லை என்று சொல்ல முடியாது. ரிசப்ஷன் ராத்திரியே, திருச்சியிலிருந்து வேனில் வந்து இறங்கிய பெரியவர் ஒருவர் வாசலிலேயே ரொம்ப நேரம் அண்ணாந்து நின்றுவிட்டு, மாமனாரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, பேனரு தெலுங்குல இருக்கு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நெல்லூரா?"

இத்தனை வருஷத்தில் நான் செய்த பேனர்களிலேயே வந்தவர்கள் அத்தனை பேரும் நின்று பார்த்தது அது ஒன்றைத்தான், ஒருத்தராலும் படிக்க முடியாமல் போனதும் அது ஒன்றுதான்.