பத்தியில் எங்கே இருக்கு?

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் 'அப்படியாக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் என்ன சொன்னாலும் ஒரு புருவத்தைத் தூக்கி, "அப்படியா?" என்று இழுப்பாள். சொன்னவருக்கே சந்தேகம் வந்துவிடும். பத்தொன்பது வருஷமாகப் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டியதில், கறையைப் பார்த்தே எந்த வார்டில் யார் டாக்டருக்குத் தெரியாமல் சாக்லேட் தின்றார்கள் என்று சொல்லிவிடுவாள்.

இந்தச் சாமர்த்தியம்தான் அவள் காலை வாரியது. மேற்பார்வையாளர் பதவிக்குத் தேர்வு எழுத வேண்டும். கணக்கில் அவள் புலி. பத்தியை வாசித்து விடை சொல்லும் பகுதியில்தான் மூன்று தடவையும் மண்ணைக் கவ்வினாள். நாற்பதுக்குக் குறைந்தது இருபது வேண்டும். அவளுக்கு வந்ததோ பதினான்கு, பதின்மூன்று, பதினைந்து.

அவளுடைய நாத்தனாருக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. அண்ணி எங்கேதான் வழுக்குகிறாள் பார்ப்போம் என்று பழைய வினாத்தாளை எடுத்து விரித்தாள். ஒரு பத்தியில் ஒருவர் ரயில் நிலையத்தில் தம்பிக்காகக் காத்திருக்கிறார், ரயில் தாமதம், இரண்டு காபி குடிக்கிறார். ஏன் இரண்டு என்று கேள்வி. 'ரயில் தாமதமானதால்' என்ற விடை கண்ணெதிரே இருக்க, 'தம்பியைச் சந்திக்க விருப்பமில்லாததால்' என்பதில் அண்ணி வட்டம் போட்டிருந்தாள்.

"பத்தியில அப்படி எங்க இருக்கு அண்ணி?"

"தம்பி மேல பாசம் இருக்கறவன் எழுந்து போய் ரயில் வருதான்னு பாப்பான். இவன் உக்காந்து காபி குடிக்கறான். ஏதோ மனஸ்தாபம்."

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு ஒரே ஒரு விதி போட்டாள். முதலில் கேள்வியைப் படிக்க வேண்டும், அப்புறம் பத்தியை. எந்த விடையைத் தேர்ந்தாலும் அதைச் சொல்லும் வரியின் மேல் விரலை வைக்க வேண்டும். விரலுக்கு இடமில்லை என்றால் அது விடையில்லை, வம்பு.

அப்படியாக்காவுக்கு இது கையைக் கட்டிப் போட்டதுபோல் இருந்தது. ஆனாலும் விடவில்லை. சோப்புத்தூள் பொட்டலம், மாத்திரை அட்டை, பேருந்து நிறுத்தத்து அறிவிப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் விரல் வைத்துப் படித்தாள். ஒரு நாள் வீட்டுக்காரர், 'வர எட்டு மணி ஆகும்' என்று செய்தி அனுப்பினார். வந்து பார்த்தால் அடுப்படி துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"சாப்பாடு எங்க?"

"எட்டு மணின்னுதான் இருந்துச்சு. சாப்பாடு பத்தி ஒரு வரிகூட இல்லையே."

அவர் தங்கையை முறைத்தார். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாதிரித் தேர்வில் மதிப்பெண் அந்த வாரமே இருபத்திரண்டைத் தொட்டது.

அந்தச் சமயம் பார்த்து மேலாளர் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்: சலவைப் பிரிவினர் அனைவரும் தினமும் காலை ஏழு மணிக்கு மேலாளர் முன்னிலையில் கையெழுத்திட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். மேலாளர் வருவதோ ஒன்பதுக்கு. அப்படியாக்கா விவரமானவள். மறுநாளுக்கு வேண்டிய விரிப்புகளை எல்லா வார்டுக்கும் முன்கூட்டியே மடித்து அனுப்பிவிட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பிரிவில் இருந்த பதினோரு பேரையும் கூட்டிப்போய் மேலாளர் அறை வாசலில் வரிசையாக உட்கார வைத்தாள். இயந்திரங்கள் ஓடவில்லை. ஒன்பது மணிக்கு வந்தவருக்கு முகம் வெளிறியது.

"நான் சொல்ல வந்தது அது இல்லம்மா."

"நீங்க சொல்ல வந்தது இதுல எங்க சார் இருக்கு?" என்று காகிதத்தை நீட்டினாள், விரலும் வரியுமாக.

மத்தியானத்துக்குள் சுற்றறிக்கை சுவரிலிருந்து இறங்கியது.

நான்காவது தேர்வில் ஒரு பத்தி அவளை ரொம்பவே சீண்டியது. அப்பாவின் கடிகாரத்தைப் பழுது பார்க்க எடுத்துப்போன மூத்த மகன், அது பேருந்தில் தொலைந்துவிட்டது என்கிறான். கடிகாரம் எங்கே தொலைந்ததாக மகன் கூறினான் என்று கேள்வி. பல்லைக் கடித்துக்கொண்டு 'பேருந்தில்' என்ற விடைக்கான வட்டத்தைக் கறுப்பாக்கினாள். ஆனால் வினாத்தாளின் ஓரத்தில், யாருக்கும் தெரியாமல், 'பொய்' என்று சின்னதாக எழுதி வைத்தாள். அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

முப்பத்து நான்கு வந்தது. மேற்பார்வையாளர் நாற்காலியும் வந்தது. இப்போது மேலாளர் எதை ஒட்டுவதானாலும் முதலில் அவளிடம் காட்டுகிறார். அவள் விரலை வரிவரியாக நகர்த்திப் படித்து முடிக்கும்வரை, அவர் பேனாவை மூடாமல் பக்கத்திலேயே நிற்கிறார்.