துறைமுகத்தை அளந்தவர்

பம்பாய்க்கு வருகிற சொந்தக்காரர் யாரையும் கேட்வே ஆஃப் இந்தியாவைக் காட்டாமல் நாங்கள் ஊருக்கு ரயிலேற்றியதில்லை. மாட்டுங்காவில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது ஒரு கடமை. வந்தவர் பெண் பார்க்க வந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்த முறை நாங்கள் போயிருக்கக் கூடாது. அறுபத்தைந்து செப்டம்பர், பாகிஸ்தானோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. இருட்டடிப்புக்காக ஜன்னல் கண்ணாடியெல்லாம் கறுப்புக் காகிதம். தெருவில் புது முகம் யாரைக் கண்டாலும் சந்தேகம்.

வந்திருந்தவர் திருநெல்வேலிக்காரர். மகனுக்கு டெல்லியில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அதனால் அப்பா மட்டும் என்னைப் பார்க்க வந்திருந்தார். அவர் சரி என்றால் மகனுக்கும் சரியாம். எனக்கு இருபத்தைந்து வயது; அதற்கு முன் நான்கு இடம் தட்டிப்போயிருந்தது. அப்பா அம்மா இல்லாத வீட்டில் என் கல்யாணம் அண்ணாவின் தலையில் இருந்தது. "இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிண்டு வாயேன்" என்று கெஞ்சித்தான் என்னை அழைத்துப் போனான்.

நான் மாமா என்று அழைத்த அந்தப் பெரியவர் ரெவின்யூ இலாகாவில் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் நீளம், அகலம், உயரம் கேட்டு, சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். அண்ணாவும் சளைக்கவில்லை. வெள்ளைக்கார ராஜா வந்து இறங்கியதன் ஞாபகமாகக் கட்டிய வளைவு என்றான். ராஜா வந்தபோது கட்டடமே இல்லை, அட்டையில் செய்ததைப் பார்த்துவிட்டுப் போனார் என்றான். கடைசி வெள்ளைக்காரப் பட்டாளம் இந்த வளைவுக்குள் நடந்துபோய்த்தான் கப்பலேறியது என்றான். எதிரே தெரிகிற தீவு எலிஃபண்டா, அந்தப் பக்கம் கிரேன்கள் தெரிகிற இடம் கப்பற்படைத் துறை. எல்லாம் நோட்டில் ஏறியது. பிறகு மாமா கடல் சுவரின் ஓரமாக ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணியபடி எட்டு வைத்து நடக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஐம்பது எட்டுகூட ஆகியிருக்காது. மஞ்சள் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் அவர் கையைப் பிடித்து நோட்டைப் பிடுங்கினார். புரியாத எழுத்து, நடுநடுவே எண்கள். என்ன எழுதினாய் என்று இந்தியில் அதட்டினார். மாமாவுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது, மரியாதைக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வினையாகிப்போனது. கூட்டத்தில் யாரோ "ஜாசூஸ்!" என்று கத்தினார்கள். உளவாளி என்ற அந்த வார்த்தைக்கு அப்போது ஆளையே அடித்துப் போட்டுவிடுவார்கள். ஒருவன் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் தெறித்தன. போலீஸ்காரர் எங்கள் மூவரையும் பக்கத்திலிருந்த போலீஸ் சௌக்கிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். 

உள்ளே இருந்த இன்ஸ்பெக்டர் அண்ணாவிடம் நோட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஆண்பிள்ளை என்று அண்ணாவை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அவன் திணறத் திணற இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். "நான் படிக்கிறேன்" என்று இந்தியில் சொல்லி நோட்டை வாங்கினேன்.

"முதலிலிருந்து படி. ஒரு வரி விடக் கூடாது. தமிழ் தெரிந்த ஆளைக் கூட்டிவரச் சொல்லப்போகிறேன். பொய் சொன்னால் மூன்று பேரும் உள்ளே" என்றார்.

படித்துப் படித்து இந்தியில் சொல்லிக்கொண்டே போனேன். ரயில் எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வந்தது, தாதரில் யார் வந்து அழைத்துப்போனார்கள். அடுத்த பக்கத்தில் முந்தைய நாள். அங்கே நின்றுவிட்டேன்.

"ஏன் நிறுத்தினாய்?"

வாசலில் யாரோ கதவைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். மாமா சட்டையைக் கையால் மூடிக்கொண்டு என்னையே பார்த்தார். படித்தேன். "பெண் கறுப்பு. பல் எடுப்பு. வாய் அதிகம். வீடு ஒற்றை அறை. வேறு இடம் பார்க்கலாம்."

அண்ணா தலையைக் குனிந்துகொண்டான். போலீஸ்காரர் சுவரைப் பார்த்தார். நான் இந்தியில் சொன்னதால் மாமாவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அவமானத்தில் என் காது சுட்டது.

"அந்தப் பெண் யார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான்."

அடுத்த பக்கம் கேட்வே. உயரம், ராஜா, பட்டாளம், தீவு. கடைசியில் ஒரு வரி: 'சாம்பல் நிறக் கப்பல் மூன்று. பீரங்கி உண்டு. சுவரிலிருந்து சுமார் முக்கால் மைல்.'

அந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், மனிதர் ஊர் திரும்பமாட்டார். சொன்னால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. இத்தனை வருஷம் கழித்து அதை மறைப்பானேன்? சொல்லவில்லை. "கடல் காற்று நன்றாக இருக்கிறது" என்று படித்து நோட்டை மூடினேன்.

இன்ஸ்பெக்டர் என்னை வெகுநேரம் பார்த்தார். தன்னைப் பற்றி எழுதியிருந்ததையே மறைக்காதவள் வேறெதை மறைக்கப்போகிறாள் என்று நினைத்திருப்பார். தமிழ் ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்களைப் பின்வாசல் வழியாக அனுப்பினார்.

வீடு திரும்பும் ரயிலில் நீலம் பூசிய பல்பு எரிந்தது. மாமா மெதுவாகக் கேட்டார்: "என்னம்மா சொன்னே அவாகிட்ட?"

"நீங்க எழுதினதைத்தான் படிச்சேன் மாமா. ஒரே ஒரு வரியை விட்டுட்டேன்."

அவர் அவசரமாக நோட்டைப் பிரித்தார். கேட்வே பக்கத்துக்குப் போகவில்லை. நேரே முந்தைய நாள் பக்கத்துக்குப் போனார். விரல் அங்கே நின்றது. "இதைத்தானே விட்டே?" என்று கேட்டார்.

"இல்லை மாமா. கப்பல் வரியை."

மாட்டுங்கா வரும்வரை அவர் தலை நிமிரவில்லை. மறுநாள் ஊருக்குப் போனார். பத்தாம் நாள், பெண் பரம திருப்தி, முகூர்த்தம் பார்க்கலாம் என்று கடிதம் வந்தது. அண்ணா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினான். எங்கள் வீட்டில் ஊருக்குக் கடிதம் எழுதுவது எப்போதும் நான்தான்.

நலம் விசாரித்துவிட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதினேன்.