நான்கு மணி நேரத்துக்கு ஒரு மடிக்கணினி

என் அண்ணனுக்குச் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்குப் படுக்கையில் சாய்ந்தால் பதினொன்று வரை அசையக்கூடாது. ஒரு வருடம் ஒழுங்காகப் போனவர் திடீரென்று மட்டம் போட ஆரம்பித்தார். மழை, தலைவலி, டாக்ஸி கிடைக்கவில்லை. வாழ்நாள் முழுக்க டாக்ஸி ஓட்டிய மனிதர் சொல்கிற காரணமா அது? டயாலிசிஸ் நிலையத்துத் தாதி எனக்குப் போன் செய்தார். இன்னும் சில தடவை தவறினால் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், அப்புறம் உயிருக்கே ஆபத்து என்றார்.

அண்ணி இறந்தபின் அவருக்கு இருப்பது நான் ஒருவன்தான். அவர் கிழக்கே தெம்பனிஸில், நான் மேற்கே ஜூரோங்கில். கப்பல் பட்டறையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டுத் தீவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ரயிலில் போனேன். போய்ச் சேரும்போது சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை.

"நாலு மணி நேரம் கூரையப் பாத்துக்கிட்டுக் கெடக்கறதுக்கு வீட்லயே கெடக்கலாம்டா," என்றார்.

"இப்படியே இருந்தா செத்துப்போவீங்கண்ணே."

"சரி," என்றார். சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு அதில் ஒரு துப்பாக்கி விளையாட்டு. எந்தெந்த நாட்டிலோ இருக்கும் பையன்களோடு இணையத்தில் அணி சேர்ந்து ஓடி ஓடிச் சுட வேண்டும். அறுபத்திரண்டு வயதில் இது என்ன கூத்து என்று முன்பெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அன்று அந்த "சரி" என்னைப் பயமுறுத்திவிட்டது. அவர் முகத்தில் உயிர் தெரிந்த ஒரே இடம் அந்தத் திரைதான். அதை நிலையத்துக்கே கொண்டுபோனால் என்ன என்று யோசித்தேன். கைப்பேசி உதவாது, சர்க்கரை அவர் பார்வையைப் பாதி தின்றுவிட்டது.

பட்டறையில் என் வேலை ஆய்வு. அளக்காமல் எதையும் தொடமாட்டேன். இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய், படுக்கைக்கு மேலே நகர்த்தி வைக்கும் பலகையை அளந்தேன். பிளக் எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். பலகை எவ்வளவு கனம் தாங்கும் என்று தாதியிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தேக்காவில் ஒரு மாடிக் கடையில் பழைய மடிக்கணினிகள் விற்கிறார்கள். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது அரிசி மூட்டை மாதிரி கனத்தது, விசைகளில் சிவப்பு விளக்கு வேறு.

"கேமுக்குன்னா இதான் லா. சின்னது எடுத்தா சூடாயிடும், படம் நின்னு நின்னு வரும்."

"பலகையில வைக்க எடமில்ல. சின்னதா வேணும், விலையும் கொறைச்சலா வேணும்."

"ரெண்டும் வேணும்னா கேம் ஓடாது, அண்ணே."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின; அண்ணன் ஒரு தடவை போவார், மறு தடவை மட்டம் போடுவார். நான்காவது ஞாயிறு பன்னிரண்டரை அங்குலத்தில், ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட ஒன்று வந்திருந்தது. அங்கேயே விளையாட்டை இறக்கச் சொல்லி, மடியில் வைத்து முக்கால் மணி நேரம் ஓட்டினேன். தொடை வேகவில்லை. காட்சித் தரத்தைக் குறைத்து வைத்தால் திணறாமல் ஓடியது. இடது கையால் நடந்து, வலது கையால் சுட்டுப் பார்த்துத் திருப்தியாக வாங்கி வந்தேன்.

செவ்வாய்க்கிழமை பலகையில் கச்சிதமாக உட்கார்ந்தது. அண்ணன் ஆர்வமாகத்தான் தொடங்கினார். இரண்டாவது நிமிடம் டயாலிசிஸ் இயந்திரம் அலறியது, தாதி ஓடி வந்தார். "அங்கிள், அந்தக் கைய மடக்கக்கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது?" ஊசிகள் இடது கையில். நடப்பதற்கு வேண்டிய விசைகளும் இடது கைக்கு. பலகையின் ஓரத்தைக்கூட அளந்தவன், அண்ணனின் கையை மறந்துவிட்டேன். வெட்கத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அண்ணன் திட்டவில்லை. திரையில் அசையாமல் நின்ற தன் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ நடத்திக் கூட்டிட்டுப் போ. நான் சுடறேன்," என்றார்.

தாதி ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தார். அண்ணனின் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் நடந்தேன், அவர் சுட்டார். சுவரில் முட்டினேன், குழியில் விழுந்தேன். "லெஃப்ட்ல போடா," என்று பதினொரு மணி வரை திட்டிக்கொண்டே இருந்தார். வியாழக்கிழமையும் லீவு போட்டேன். வெள்ளி இரவு வேலை முடிந்து, சனிக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கி, நேரே ரயிலேறிப் போனேன். விளையாட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கண் சொக்கியது.

விழித்தபோது ஊசிகளைக் கழற்றியிருந்தார்கள். அண்ணன் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என் விரல் இன்னும் விசைமேல் இருந்தது.

"எழுப்பியிருக்கலாம்ல."

"தூங்கிட்டே சுவத்தப் பாத்து நடந்துக்கிட்டிருந்த. பின்னாலேந்து சுட்டுட்டானுங்க. எட்டு தடவ செத்துட்டோம்."

மடிக்கணினியைத் தானே மூடினார். போர்வையை ஓரமாக ஒதுக்கினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"செவ்வாக்கிழமை லீவு கெடைக்குமா?"

லீவு எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. கிடைக்கும் என்றேன்.