மூன்றாம் குழாயில் ஒரு குரல்

ஒரு மனிதக் குரலுக்கு என்ன விலை போடுவீர்கள்? நான் எடை போட்டு வாங்கினேன். ஐந்தே கால் கிலோ, பழைய அலுமினியத்தின் விலைக்கு. அந்தக் கால் கிலோவையும் பேரம் பேசிக் கழித்தேன். சிரிக்காதீர்கள். கதை விட எனக்கு நேரமில்லை. பட்டப்பகலில், என் இரண்டு காதால் கேட்டது இது.

நான் ரேஸ் கார் மெக்கானிக். என் மனைவியின் தம்பி ரேஸ் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் ஒரு பெரிய அணி அவனை எடுத்துக்கொள்ளும். தோற்றால் வண்டியை விற்றுவிட வேண்டும் என்பது வீட்டு முடிவு. எங்கள் எஞ்சினோ நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றைத் தாண்டினால் திணறியது. சிலிண்டருக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டில் நாலு குழாயும் நீளம். நீளக் குழாய் நிதானமாகப் போகிறவனுக்கு. பறக்கிறவனுக்குக் குட்டைக் குழாய் வேண்டும். பழைய இரும்புக் கடையில் இன்னொரு மேனிஃபோல்ட் வாங்கினேன். குழாய்களை வெட்டிக் குறைத்து, பற்றவைத்து, உட்புறத்தை வழவழவென்று தேய்த்து மாட்டினேன். அதில் துளிக் கரி இல்லை. கடைக்காரன் கழுவி விற்கிறான், கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

செவ்வாய், மதியம் 3.10. எஞ்சினை ஓடவிட்டுக் காற்றுக் கசிவு பார்த்தேன். அதற்கு ஒரு ரப்பர் டியூப் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் மேல் நகர்த்த வேண்டும். கசிந்தால் 'உஸ்ஸ்' என்று கேட்கும்.

முதல் குழாய்... சுத்தம். இரண்டு... சுத்தம்.

மூன்றில் 'உஸ்ஸ்' இல்லை. யாரோ இருமினார்கள்.

எஞ்சினை அணைத்தேன். 3.12. மறுபடி காதில் வைத்தேன்.

"அத்தான்... கதவு..."

மச்சினன் குரல் மாதிரியே இருந்தது. உடனே போன் போட்டேன். அவன் ஊருக்கு வெளியே பயிற்சியில் இருந்தான்.

"என்ன அத்தான், அக்கா வீட்டை விட்டுத் துரத்திட்டாளா?"

வைத்துவிட்டு டியூபை எடுத்தேன். "அத்தான்... கதவு..." மறுபடி. மறுபடி... 3.16க்கு நின்றது.

யோசித்தேன். விபத்தில் போன ஏதோ வண்டியின் பாகம். ஓட்டினவன் உள்ளே மாட்டிச் செத்திருப்பான். அவனுக்கும் ஒரு அத்தான் இருந்திருப்பான். நமக்கென்ன? எஞ்சின் எட்டாயிரத்தில் பாடியது. வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை அவனே வந்தான்.

"அத்தான், உள்ளே யாரோ இருமுற மாதிரி இருக்கு. பழசையே மாட்டிடலாமா?"

"பழசை மாட்டினா பழைய இடந்தான் வரும். காதுல பஞ்சு வெச்சுக்கோ, மகராசா."

சிரித்தான். வைத்துக்கொண்டான்.

ஞாயிறு, காலை 11.40. அவன்தான் முதல். கடைசி வளைவில் கார் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது.

தீ.

கதவு நசுங்கித் திறக்கவில்லை.

நான் ஓடிச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தீயணைப்புக்காரர் கடப்பாரையோடு உட்கார்ந்திருந்தார்.

"முதல் கூப்பாட்டுலேருந்து கதவுகிட்டயேதான் இருந்தேன் சார். 'அத்தான், கதவு'ன்னே கூப்பிட்டாரு. ஒரு கூப்பாட்டுக்கு ஒரு நெம்பு நெம்பினேன். ஒன்பது நெம்பு... அப்புறம் சத்தம் இல்லை."

மறுவாரம் இரும்புக் கடைக்காரனின் சட்டையைப் பிடித்தேன்.

"எவன் செத்த வண்டியோடதுடா அது?"

"விடுண்ணே! அது எந்த வண்டியிலயும் ஏறினதே இல்லை. குழாய் நீளம் ஜாஸ்தின்னு தொழிற்சாலையில புதுசாவே கழிச்சுப் போட்டது."

அப்படியானால், நான் கேட்ட அன்று... செத்தவன் என்று யாருமே இல்லை.

நான் வியாபாரி வீட்டுப் பிள்ளை. எதைக் கேட்டாலும் விரல் தானாக மடங்கி எண்ணும். செவ்வாய்க்கிழமை டியூபில் நான் கேட்டது பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை தீயணைப்புக்காரர் கேட்டது ஒன்பது.

பாக்கி இரண்டு, இன்னும் வர வேண்டும்.