புள்ளியில் மிஞ்சிய நட்டு

மகள் பழைய கார் ஒன்றை வாங்கிவந்து, சங்கராபுரத்து வீட்டு வாசலில் செல்போனைப் பார்த்துப் பார்த்து முன் ஆக்சிலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கிரீஸ் வாடை வந்ததும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

இடஒதுக்கீட்டுப் போராட்ட வாரம் அது. மறியலுக்காகச் சாலையில் வெட்டிப்போட்ட புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு வயல்வழியே வந்த சின்னக் கார், எங்கள் வீட்டெதிரே முன் ஆக்சில் முறிந்து நின்றது. உள்ளே ஒரு பேங்க் ஆபீசரும் அவருடைய நிறைமாத மனைவியும். மரத்தை வெட்டியவர்களில் அப்பாவும் ஒருவர். உதவ முடியாதென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆபீசர் எங்கள் சைக்கிளில் கள்ளக்குறிச்சி போய்ப் புது ஆக்சில் வாங்கிவந்தார்.

“டிராக்டர்னா கண்ண மூடிக்கினு பிரிப்பேன். இது இன்னான்னே தெரிலயே,” என்றார், கரும்பு டிராக்டர் ஓட்டும் அப்பா.

அம்மா கோலமாவோடு வந்தாள். “நான் புள்ளி வெக்கறேன். கழட்டக் கழட்ட வரிசையா அதுமேல வைங்க. மாட்டசொல்ல கடைசிலேர்ந்து எடுங்க.”

சாயங்காலம் கார் கிளம்பி வாய்க்கால்வரை போய்விட்டது. அம்மா தரையைப் பார்த்தாள். ஒரு புள்ளியில் நட்டு ஒன்று மிச்சமிருந்தது. அதை எடுத்துக்கொண்டு, காரை நிறுத்தச் சொல்லிக் கத்தியபடி அப்பா ஓடினார். முறுக்கி முடித்ததும் காரிலேயே ஏறிக்கொண்டார்.

“நானும் வரேன் சார். வழியில மறிச்சாங்கன்னா நம்மாளுங்ககிட்ட நான் பேசிக்கறேன்.”

மகள் கழற்றிய நட்டுகளைத் தட்டில் குவித்திருந்தாள். நான் கோலமாவு டப்பாவை எடுத்துவந்தேன்.

“இன்னாம்மா, இப்பவா கோலம் போடப் போற?”

“எத்தினி நட்டுன்னு சொல்லு,” என்றேன்.